தலைக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர்

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் லிஃப்ட் மெக்கானிக் குடியேற்றத் துறையை வாயாரப் புகழ்ந்தார். சத்தம் மட்டும் வெளியே வராமல் பார்த்துக்கொண்டார்.

இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருஷமாகிறது. அந்தத் துறையை அவர் திட்டாத மாசம் கிடையாது. வருஷத்துக்கு மூன்று தடவை விதியை மாற்றுவார்கள். போட்டோவில் காது தெரியவேண்டும் என்பார்கள். காதைக் காட்டிக்கொண்டு போனால், காது சரி, சிரிக்கக்கூடாது என்பார்கள். அங்கே வரிசையில் நிற்கிறவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

ஆனால் இன்றைக்கு வந்திருந்த புது விதி தேனாக இனித்தது. வெளிநாட்டிலிருந்து உறவினரை வரவழைத்து மூன்று மாசத்துக்கு மேல் வீட்டில் தங்கவைப்பதானால், அந்த வீட்டில் தலைக்குப் பன்னிரண்டு சதுர மீட்டர் இடம் இருக்கவேண்டுமாம்.

அவர் வீடு நாலாவது மாடியில். ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒருவர் நுழைய இன்னொருவர் வெளியே வரவேண்டிய சமையலறை. ஆகமொத்தம் நாற்பத்தாறு. அவர், மனைவி, ஆறு வயசு மகள் என்று மூன்று தலைக்கு முப்பத்தாறு போதும். மாமியாரைச் சேர்த்தால் நாற்பத்தெட்டு ஆகிவிடும். இரண்டு மீட்டர் இடிக்கிறது!

மாமியார் தங்கமான மனுஷி. அதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்து ஆறு மாசம் இருந்தபோதுகூட ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. லீவு நாட்களில் காலை ஐந்து மணிக்குப் படுக்கையறை வாசலில் நின்று, "மாப்பிள்ளை நல்லாத் தூங்கறாரா? யாரும் எழுப்பிடாதீங்க!" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வார், அவ்வளவுதான். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை வியாதி வந்துவிடக்கூடாதே என்ற அக்கறையில் சர்க்கரை டப்பாவைத் தினம் ஓர் இடத்தில் ஒளித்து வைப்பார். அந்த ஆறு மாசத்தில் மெக்கானிக்குக்கு வியாதி வரவில்லை. இடுப்பில் பேன்ட்தான் நிற்கவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே முகத்தைத் துக்கம் விசாரித்துவிட்டு வந்தவர் மாதிரி தொங்கப்போட்டுக்கொண்டார்.

"என்னங்க, அம்மாவுக்கு விசா ஃபாரம் கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

"விதி மாறிப்போச்சும்மா."

"யார் விதி?"

"அவங்க விதிதான். ஆனா மாட்டிக்கிட்டது நம்ம விதி."

விஷயத்தைச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் வேலைக்குக் கொண்டுபோகும் டேப்பை எடுத்து மனைவி கண்ணெதிரே வீட்டை அளக்கவும் செய்தார். அளவில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. அரை சென்டிமீட்டர் பிசகினால் லிஃப்ட் கதவே மூடாது.

"பால்கனி?" என்றாள் அவள்.

"சேராது. நாலாம் பக்கத்துலயே போட்டிருக்கான்."

"அந்தப் பெரிய அலமாரியைத் தூக்கிட்டா?"

"அலமாரிக்கு அடியில இருக்கிற தரையையும் சேர்த்துத்தான் நாற்பத்தாறு."

"நம்ம குட்டி ஆறு வயசுக் குழந்தை. அவளுக்குப் பாதி போதாதா?"

"இது பஸ் டிக்கெட்டா, அரை டிக்கெட் கேக்கிறதுக்கு? சின்னத் தலையானாலும் ஒரு தலைதான்."

மனைவி, அவர் கொண்டுவந்திருந்த விதித் தாள்களை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். மாத்திரை அட்டைக்குள் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்து மடித்து வைத்திருப்பார்களே ஒரு காகிதம், உலகத்தில் யாருமே படிக்காத அதை வரி விடாமல் படிக்கிறதுக்குத்தான் சம்பளம் அவளுக்கு. இதை மெக்கானிக் அந்த நேரத்தில் யோசித்துப் பார்த்திருக்கலாம். அவர் மனசில் அப்போது ஓடியது ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்.

மறுநாள் மாமியார் வீடியோவில் வந்தார். கையில் ஒரு மஞ்சள் கவுன்.

"குட்டி, எழுந்து நில்லு கண்ணு. முட்டிக்குக் கீழ வருமா இது? பாட்டி ஒரு குத்துமதிப்பா தைச்சுட்டேன்."

குட்டி எழுந்து நின்றாள். அவள் நின்றதில் தலை போனுக்கு மேலே போய்விட்டது. பாட்டிக்குத் தெரிந்தது பேத்தியின் வயிறு மட்டும். மனைவி விஷயத்தை மெதுவாகச் சொன்னாள். "சட்டம்னா நாம என்னம்மா பண்ண முடியும்? அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்ற மாமியார், கவுனை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததையே திரும்பப் பிரித்து மடித்தார்.

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பிழைத்திருப்பார். குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் தள்ள, நல்ல பெயர் வாங்கும் ஆசை மறுபக்கம் இழுக்க, போனைக் கையில் வாங்கிவிட்டார்.

"அத்தை! என் மனசு உங்களுக்குத் தெரியாதா? என் இடத்தை உங்களுக்குக் கொடுத்துட்டு நான் வெளிய போய்த் தங்கக்கூடத் தயார். சட்டம் விடணுமே, அத்தை!"

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எந்த ஜன்மத்துப் புண்ணியமோ, இப்படி ஒரு மாப்பிள்ளை!"

போனை வைத்ததும் மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிஜமாத்தான் சொன்னீங்களா?"

"பின்னே? நான் என்ன வாய்க்கு வந்ததைப் பேசறவனா?"

"சரிங்க" என்றாள் அவள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அப்படி ஒரே சொல்லில் ஒத்துக்கொண்டதே இல்லை. அப்போதே அவர் உஷாராகியிருக்கவேண்டும்.

பத்து நாள் கழித்து, ஓர் அலுவலகக் கட்டடத்து லிஃப்டின் அடிக் குழியில் நின்று மெக்கானிக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். மேலே சூப்பர்வைசரின் தலை தெரிந்தது. சட்டையில் கறை படும் என்று குழிப் பக்கமே வராத மனுஷர், குனிந்து கையை நீட்டி, கிரீஸும் கையுமாக இருந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களை நான் என்னவோன்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுடுங்க."

"எதுக்கு சார்?"

"அந்த வெளியூர் ஆஸ்பத்திரி வேலைக்கு ஆறு மாசம் போய்த் தங்க ஆள் கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போயிட்டேன். ஒருத்தனுக்கு முதுகு வலி, ஒருத்தனுக்குப் பல் வலி. நேத்து இருமல் மருந்து வாங்கப் போனப்பதான் உங்க வீட்டம்மா சொன்னாங்க. 'அவர் எப்பவோ தயார் சார், தானா வந்து கேக்கக் கூச்சப்படறார்'னு. இவ்வளவு கூச்சம் ஆகாதுங்க. உங்க பேரை அனுப்பி உத்தரவும் வாங்கிட்டேன்."

முதுகு வலி என்று சொன்ன ஆசாமி மெக்கானிக்தான். இப்போது அதுவும் சொல்ல முடியாமல் போயிற்று. குழிக்குள் கூனிக்கொண்டு நிற்கிறவர் முதுகை எந்த முகத்தோடு காரணம் காட்டுவார்?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே!"

மனைவி அந்தத் தாள்களை மேஜைமேல் விரித்தாள். பதினோராம் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள்.

"இதைப் படிங்க. வேலைக்காக வேற ஊர்ல மூணு மாசத்துக்கு மேல தங்கறவங்களை வீட்டுக் கணக்குல சேர்க்க வேண்டாம். வாரத்துல ரெண்டு ராத்திரி வந்து தங்கிட்டுப் போகலாம். நீங்க நாலாம் பக்கத்தோட நிறுத்திட்டீங்க."

"நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்!"

"அம்மா அதைப் பேச்சா எடுத்துக்கலையே. அப்பாகிட்ட சொல்லி, சித்திகிட்ட சொல்லி, சித்தியோட சம்பந்தி வரைக்கும் போயிடுச்சு. அங்க உங்க போட்டோவைப் பெருசாக்கி மாட்டலாமான்னு பேசிக்கிறாங்க."

"அப்போ நான் இந்த வீட்டுல ஒரு தலையே இல்லையா?"

"குடும்பத் தலைவர் நீங்கதான். கணக்குலதான் வரமாட்டீங்க."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மூணு வருஷம் ஆச்சுங்க. குட்டி பாட்டியோட தினம் பேசறா. அதுக்கப்புறம் ஒரு நாள் மடியில உக்காந்ததில்லை."

மெக்கானிக் செருப்பைக் கழற்றினார்.

அடுத்த மாசம் மாமியார் வந்து இறங்கினார். மெக்கானிக் வெளியூர் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒரே அறையில் நாலு பேர். ஒருத்தர் தூக்கத்தில் பேசுவார், இன்னொருத்தர் தூக்கத்திலேயே அதற்குப் பதில் சொல்வார். பகலெல்லாம் ஆஸ்பத்திரியின் பன்னிரண்டு லிஃப்டும் அவர் பொறுப்பு. சுவருக்குள் நின்று செய்கிற வேலை. போனில் ஒரு கோடுகூட சிக்னல் வராது.

சனிக்கிழமை ஆனால் பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி வருவார். மாமியார்தான் கதவைத் திறப்பார். "வாங்க மாப்பிள்ளை! எப்ப வந்தீங்க? எப்ப கிளம்பணும்?" இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பார். புதுத் துண்டு எடுத்துத் தருவார். உட்கார்ந்த இடத்துக்கே தட்டு வரும். ஒரு டம்ளரை எடுத்துக் கழுவப் போனால், "ஐயோ, நீங்க எதுக்கு? ரெண்டு நாள் வந்தவரு!" என்று பிடுங்கிக்கொள்வார்.

குட்டி மஞ்சள் கவுனோடு பாட்டி மடியில் சாய்ந்து கதை கேட்டுக்கொண்டிருப்பாள். சமையலறைக்குள் அம்மாவும் பெண்ணும் எதற்கோ சேர்ந்து சிரிப்பார்கள். தன் மனைவிக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பது மெக்கானிக்குக்கு அப்போதுதான் தெரிந்தது. போனால் போகிறது, நல்லதுதான் செய்தோம் என்று தோன்றும். திங்கட்கிழமை காலை பஸ் ஏறும்போது அந்த எண்ணம் பாதியாகிவிடும். அந்த அறைக் கதவைத் திறக்கும்போது மீதியும் போய்விடும்.

நாலாவது மாசத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தவர் போனைப் பார்த்தார். கையில் இருந்த சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டார். விதி மறுபடி மாறியிருந்தது. தலைக்குப் பத்து மீட்டர் போதுமாம்!

இந்தத் தடவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை இரண்டு முறை படித்தார். நாலு பேருக்கு நாற்பது. இருப்பது நாற்பத்தாறு. யாரும் யாருக்கும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டாம். அறையிலிருந்த ஓர் இளவட்டத்தைப் பிடித்து, தனக்குப் பதிலாக ஆஸ்பத்திரி வேலையைப் பார்க்கச் சம்மதிக்க வைத்தார். சூப்பர்வைசரிடமும் பேசி முடித்தார். துணிமணி எல்லாவற்றையும் பைக்குள் திணித்துக்கொண்டு சனிக்கிழமை வீட்டுப் படியைத் தாவி ஏறினார். நாலு மாடிக்கும் லிஃப்ட் இருந்தது. அதற்குக்கூட அவர் காத்திருக்கவில்லை.

"பாத்தியா! பத்து ஆக்கிட்டான்! நான் வந்துட்டேன்!" மூச்சு வாங்கியது.

"பாத்தேங்க. விதி மாறி மூணு வாரமாச்சே" என்றாள் மனைவி.

"மூணு வாரமாவா? என்கிட்ட ஏன் சொல்லலே?"

"உங்களுக்குத்தான் சிக்னலே கிடைக்காதே. சனிக்கிழமை சொல்லலாம்னா, ரெண்டு நாள் வந்தவருக்கு எதுக்குத் தொந்தரவுன்னு அம்மா விடலை. ஆனா ஒரு நாள்கூடத் தாமதிக்காம மறுநாளே ஃபாரம் போட்டுட்டேன்."

"எனக்கு எதுக்கு ஃபாரம்? நான் இந்த வீட்டு ஆள்தானே?"

"உங்களுக்கு இல்லைங்க, அப்பாவுக்கு. ஆறு மீட்டர் சும்மா கிடக்கு. நீங்க இன்னும் ரெண்டு மாசம் அங்க இருந்தா, உங்களோடதும் சேர்ந்து அவருக்குத் தாராளமா இருக்கும்னு பாத்தேன். விசாவும் வந்துடுச்சு."

மாமியார் புதுத் துண்டோடு வந்தார். "அவரு அங்க தனியா என்ன பண்ணுவாரு மாப்பிள்ளை, பாவம்! நீங்க தங்கமான மனசுக்காரரு, ஒண்ணும் சொல்லமாட்டீங்கன்னு நான்தான் சொன்னேன்."

மெக்கானிக் விரல்விட்டு எண்ணினார். மனைவி, மகள், மாமியார், மாமனார். கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சி நின்றது. அதைச் சேர்த்தால் ஐம்பது வந்தது.

"எப்ப வர்றார்?" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"திங்கட்கிழமை காலையில. ஏர்போர்ட்டுக்கு எல்லாரும் சேர்ந்தே போயிடலாங்க. நீங்க பையைப் பிரிக்க வேண்டாம், அப்படியே எடுத்துக்குங்க. சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கறேன். திரும்பி வர்றப்போ டாக்ஸியில நாலு பேர்தான் உக்கார முடியும். நீங்க ஒண்ணும் சிரமப்பட வேண்டாம். ஏர்போர்ட் வாசல்லயே நிக்குதாம், உங்க ஊர் பஸ்."