ஏ ஃபோர்ட்டியின் ஆறாவது சொந்தக்காரர்

தன் காரைப் பற்றி இன்று ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்வதில்லை என்று சனிக்கிழமை காலை பல் துலக்கும்போதே பஸ்ரியன் சபதம் எடுத்துவிட்டார்.

பேசாலையில் அவரை அறிந்தவர்களுக்குத்தான் அந்தச் சபதத்தின் பாரம் தெரியும். 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி. கறுப்பு நிறம், நாலு கதவு, குண்டு மூக்கு. பதினைந்து வருடமாக அவர் அந்தக் காரை ஒரு குறை சொன்னதில்லை, பிறர் சொல்ல விட்டதுமில்லை. நடுவழியில் நின்றால் பெற்றோலில் பிழை. குலுங்கினால் றோட்டில் பிழை. தள்ளியும் கிளம்பாவிட்டால் தள்ளியவர்களில் பிழை. எஞ்சின் மூடியைத் திறக்க வந்த மெக்கானிக்குகளை எல்லாம் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

மனைவி நிறஞ்சலா நறுவிலிக்குளத்தில் ரீச்சர். விடியமுன் எழும்பி, இரண்டு பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே போகிறாள். போன வருடம் லைசன்ஸ்கூட எடுத்துவிட்டாள். ஆனால் ஓட்டுவதற்குக் கார்த் திறப்பைக் கேட்டால், "இது என்ரை கைக்கு மட்டும்தான் கட்டுப்படும்" என்பார் பஸ்ரியன். அந்தக் கைக்குக் கட்டுப்பட்டு அது ஞாயிற்றுக்கிழமை கோயில் வரைக்கும் போகும். திரும்பி வரும்போது பங்குச் சனம் தள்ளிக்கொண்டு வரும்.

முந்தாநாள்தான் நிறஞ்சலா குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, காரை விக்கப் போறம். சனிக்கிழமை வவுனியாவிலை இருந்து றொகான் எண்டு ஒருத்தர் வாங்க வாறார்."

"என்னைக் கேக்காமலோ?"

"உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பதினைஞ்சு வருசம் போட்டுது. வாறவரிட்டை தயவுசெய்து குறை ஒண்டும் சொல்லிப் போடாதேங்கோ. சொன்னால் அந்தாள் அப்பிடியே திரும்பிப் போயிடும்."

பஸ்ரியனின் மனதுக்குள் மணி அடித்தது. அட, வழியை இவளே காட்டுகிறாளே! கார் போகாமல் இருக்க வேண்டும் என்றால் காரை வாயாரத் திட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று நினைக்கச் சுலபமாக இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் இருப்புக் கொள்ளவில்லை. படலைக்கும் கார்க் கொட்டிலுக்கும் நாற்பது தரம் நடந்தார். கதிரையில் இருந்தார், எழும்பினார். யாரும் பார்க்காத நேரம் காரின் மூக்கைத் தடவி, "நான் சொல்லுறதை மனசிலை வைச்சிருக்காதை" என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

பத்து மணிக்கு றொகான் வந்தான். முப்பது வயது, கையில் ஒரு கொப்பி, காதில் பேனை. காரைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"நல்ல கார் போலை கிடக்கு, அண்ணை."

"நல்ல காரோ! தம்பி, இதிலை ஏறினவன் கால் நனையாமல் இறங்கினதில்லை. உப்புக் காத்துத் திண்டு இடப்பக்கத் தட்டிலை ஓட்டை. குனிஞ்சால் றோட்டுத் தெரியும்."

றொகான் எழுதிக்கொண்டான். "சரி. வேறை?"

பஸ்ரியன் திடுக்கிட்டார். ஓட்டைக்கே ஓடியிருக்க வேண்டியவன் அல்லவா?

"ரெண்டாம் கியர் நிக்காது. கையாலை பிடிச்சுக்கொண்டே ஓட வேணும்."

"நல்லது. வேறை?"

"பிறேக் மூண்டு தரம் மிதிச்சால்தான் பிடிக்கும்! அதுவும் அதுக்கு மனம் இருந்தால்!"

"ஓம், ஓம். வேறை?"

"கடலுக்கு மேலாலை போற தாம்போதி முடியமுன்னம் றேடியேற்றர் கொதிச்சிடும். வலப்பக்கம் திருப்பினால் ஹோர்ண் தானாய் அடிக்கும், அமத்தினால் அடிக்காது. சிக்னலுக்கு வெளியிலை வாற குட்டிக் கை இருக்கெல்லே? அதுக்கு உள்ளுக்கை இருந்து ஒரு குத்து விட வேணும்."

ஒவ்வொரு குறையும் பாவசங்கீர்த்தனம்போல வந்தது. சொல்லச் சொல்ல நெஞ்சு வலித்தது. ஆனால் நிற்பாட்ட முடியவில்லை. பதினைந்து வருடமாக அடக்கி வைத்ததெல்லாம் அணை உடைத்துக்கொண்டு பாய்ந்தது. நாற்பத்தொரு குறை. றொகான் நாலு பக்கம் நிரப்பிவிட்டான். முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. நிறஞ்சலா குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, வாயை மூடுங்கோவன்!"

அவள் பதறப் பதற பஸ்ரியனுக்கு உற்சாகம் கூடியது.

"காரின்ரை சரித்திரத்தையும் கேளும், தம்பி. முதல் ஆள் தலைமன்னார்க் கப்பல் பியரிலை வேலை செய்த வெள்ளைக்காரன். இதை விட்டிட்டுக் கப்பல் ஏறினவன் திரும்பியே பாக்கேல்லை. ரெண்டாவது ஒரு டொக்டர். இவர் போய்ச் சேரமுன்னம் வருத்தக்காரருக்குச் சுகம் வந்திடும். மூண்டாவது ஆள் இதிலை கருவாடு ஏத்தினவர். மழை நாளிலை இப்பவும் மணக்கும். நாலாவது நானாட்டான் கமக்காரன். சண்டைக் காலத்திலை வைக்கலுக்குள்ளை ஒளிச்சு வைச்சவர். எலி பின்சீற்றிலை மூண்டு தலைமுறை வாழ்ந்தது. அஞ்சாவது எருக்கலம்பிட்டி நௌபர் நானா. ஆறாவது நான்."

"நல்லது அண்ணை. பேப்பர் எல்லாம் சரியோ?"

பஸ்ரியன் கடைசித் துருப்புச் சீட்டை இறக்கினார்.

"அங்கைதான் விசயம் இருக்கு! பேர் இன்னும் நௌபர் நானாவின்ரை. நான் மாத்தவே இல்லை. மாத்தப் போனால் ஆராவது மூடியைத் திறந்து பாத்துக் குறை சொல்லுவாங்கள் எண்டு விட்டிட்டன். என்ரை பேரிலை இல்லாத காரை நான் எப்பிடி உமக்கு விக்கிறது? நம்பாட்டி இரும், காட்டுறன்."

உள்ளே ஓடினார். சுவரில் இருந்த திருஇருதயப் படத்தைத் திருப்பி, அதன் பின்னால் ஒட்டியிருந்த கடித உறையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். பதிவுப் புத்தகம் இருந்தது. கூடவே நௌபர் நானா கையெழுத்து வைத்துக் கொடுத்த மாற்றப் படிவமும் இருந்தது. வாங்குபவரின் பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது. நாட்டில் பாதிப் பழைய கார் அப்படித்தான் கை மாறுகிறது.

நிறஞ்சலா தேத்தண்ணியை வைத்துவிட்டு இரண்டையும் அவர் கையில் இருந்து வாங்கினாள். இப்போது அவள் பதறவில்லை.

"இதைத்தான் வீடு முழுக்கத் தேடினனான். நானாவோடை நேற்றும் கதைச்சனான். படிவம் உங்களிட்டை இருக்கு, தேடி எடுங்கோ எண்டார். றொகான், குறை முழுக்க எழுதியாச்சோ?"

"ஓம் அக்கா. நாற்பத்தொண்டு. நானே தேடியிருந்தால் இருவதுகூடப் பிடிச்சிருக்க மாட்டன்."

"இவர் வாங்க வந்தவர் இல்லையோ?" பஸ்ரியனின் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

"மெக்கானிக்."

"அப்ப விக்கிறதெண்டு நீர் சொன்னது பொய்!"

"பொய்தான். நாளைக்குச் சுவாமியாரிட்டைச் சொல்லி மன்னிப்புக் கேக்கிறன். காரிலை என்ன பிழை எண்டு நான் கேட்டால் நீங்கள் றோட்டைக் காட்டுவியள். சொல்லாதேங்கோ எண்டால்தானே சொல்லுவியள்."

அவள் றொகானின் காதில் இருந்த பேனையை எடுத்தாள். காரின் மூடியிலேயே படிவத்தை வைத்து, வெறுமையாக இருந்த இடத்தில் தன் பெயரை வடிவாக, ரீச்சர் எழுத்தில் எழுதினாள்.

ஆறு வாரத்தில் கார் றொகானிடம் திருத்தப்பட்டுத் திரும்பி வந்தது. அடுத்த நாளே தபாலில் புதிய பதிவுப் புத்தகமும் வந்தது. திங்கட்கிழமை காலை நிறஞ்சலா ஸ்ரேரிங்கின் முன்னால் ஏறி இருந்தாள். திறப்பைத் திருப்பியதும் கார் ஒரு முனகல் இல்லாமல் கிளம்பியது. மன்னார்ப் பட்டினத்தில் இருக்கும் தன் கந்தோருக்குப் போக, பஸ்ரியன் பக்கத்தில் ஏறிக்கொண்டார். அவருக்கு ஒரே ஆறுதல்தான் மிச்சம். புத்தகத்தைத் திறந்தார். சொந்தக்காரர்களின் பட்டியலில் விரலை வைத்துத் தேடினார். வெள்ளைக்காரன் இருந்தான். டொக்டர் இருந்தார். கருவாட்டுக்காரரும் கமக்காரரும் இருந்தார்கள். ஐந்தாவது நௌபர் நானா. ஆறாவது நிறஞ்சலா. மறுபடியும் மேலிருந்து கீழே தேடினார். பதினைந்து வருடம் துடைத்த காரில் அவர் பெயருக்கு ஒரு எழுத்து இல்லை. புத்தகத்தை மூடினார்.

"அப்ப இந்தக் காருக்கு நான் ஆர், நிறஞ்சலா?"

"நான் ஏத்திக்கொண்டு போற ஆள். கதவை இறுக்கிச் சாத்துங்கோ, பள்ளிக்கூடத்துக்கு நேரம் போகுது."