சம்பந்தி வீட்டார் முன்னால் ஏழு பாட்டில்

இண்டர்மீடியட் தேர்வில் இரண்டு முறை தோற்றவனுக்கு வருகிற தன்னம்பிக்கை, முதல் வகுப்பில் தேறியவனுக்குக்கூட வருவதில்லை. தேறியவன் ஏதாவது ஆபீசில் அடக்கமாகப் போய் உட்கார்ந்துவிடுகிறான். தோற்றவன்தான் தொழில் தொடங்குகிறான். நான் தொடங்கியது பீர் தொழிற்சாலை. அதுவும் மதுவிலக்கு அமலில் இருந்த ஐம்பதுகளில், போடிநாயக்கனூரில், என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்.

(பதற வேண்டாம். ஜிஞ்சர் பீர். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, வாசனைக்குக் கொஞ்சம் ஏலக்காய், அவ்வளவுதான். இந்த விளக்கத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. நம்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.)

என் அய்யாவுக்கு ஏலக்காய்த் தரகு. மதுரையிலிருந்து தோற்றுத் திரும்பிய நான் கண்ணெதிரே திரிய வேண்டாம் என்று, குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட்டுக்குச் சரக்குப் பார்த்துவர அனுப்பினார். அங்கே துரை பங்களாவில் வர்கீஸ் என்ற மலையாளி சமையல்காரராக இருந்தார். மலையேறி நாக்குத் தள்ளிப்போய் உட்கார்ந்த என் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். ஒரே மடக்கில் குடித்தேன். காரம் தொண்டையில் இறங்கியது, காற்று மூக்கு வழியாக ஏறியது, கண்ணில் நீர் கொட்டியது. இதுதான் என் எதிர்காலம் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். (கண்ணில் நீர் கொட்டியதை ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.)

வர்கீஸ் செய்முறையைச் சொன்னார். "இஞ்சி சதைச்சு, பஞ்சசார, உங்க சர்க்கரை, இட்டு, ஜாடியில மூடி வைக்கணும். நாலு நாள் கழிஞ்சா குப்பியில அடைச்சு உடனே குடிக்கணும். கூடுதல் நாள் வச்சா கேஸ் கூடும். குப்பி பொட்டும்."

"பொட்டும்னா?"

அவர் இரண்டு கைகளையும் விரித்து, 'படார்' என்று வாயால் செய்து காட்டினார். நான் சிரித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் காலியாகக் கிடந்த மாட்டுக் கொட்டகை தொழிற்சாலை ஆனது. அம்மாவின் ஊறுகாய் ஜாடிகள் எட்டைப் பறிமுதல் செய்தேன். வாசலில் 'போடி ஜிஞ்சர் பீர் கம்பெனி' என்று பெரிய போர்டு மாட்டினேன். அய்யா அதை அண்ணாந்து பார்த்தார்.

"பேரை மாத்துடா. இஞ்சித் தண்ணின்னு எழுது."

"இங்கிலீசுல அதுக்கு ஜிஞ்சர் பீர்னுதான்யா பேரு."

"இங்கிலீசுல ரெண்டு தடவை பெயிலானவன் பேசுற பேச்சாடா இது?"

நான் மாற்றவில்லை.

முதல் மாதம் ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை. பஸ் நிலையக் கடைகளில் வைத்த பாட்டில்கள் தூசி படிந்து நின்றன. சில பாட்டில்கள் தாமாகவே வெடித்து என் விற்பனைக் கவலையைக் குறைத்தன. அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான் மொட்டைக் கடுதாசி போட, மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். ஜாடி ஜாடியாக மோந்து பார்த்தார். இரண்டு பாட்டில் குடித்துப் பார்த்தார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

"எங்க வீட்டுக் கசாயம் இதைவிட ஏறும் தம்பி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். ஆனால் ஜீப் எங்கள் வாசலில் ஒரு மணி நேரம் நின்றதை ஊரே பார்த்திருந்தது. உள்ளே அவர் சொன்னதை யாரும் கேட்டிருக்கவில்லை. மறுநாள் காலை கதவைத் திறந்தால், தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள்.

"அண்ணே, இதுல போதை கிடையாதுண்ணே" என்றேன் முதல் ஆளிடம்.

"புரியுது தம்பி. வெளிய அப்பிடித்தான் சொல்லணும். வெரசா ரெண்டு கொண்டா."

நான் மறுக்க மறுக்க வியாபாரம் ஏறியது. எட்டு ஜாடி முப்பதானது. பக்கத்து ஊரான தேவாரத்துக்கு பஸ்சில் லோடு போனது. இதில் எரிச்சல் என்னவென்றால், குடித்தவர்களுக்கெல்லாம் உண்மையிலேயே ஏறியது. வெறும் இஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதார்கள், பாடினார்கள், பங்காளிச் சண்டையைத் தீர்த்துக்கொண்டார்கள். லாரி டிரைவர் கருப்பையா அரை பாட்டில் குடித்துவிட்டு, முதலாளியின் தில்லுமுல்லுகளையெல்லாம் பஸ் நிலையத்தில் நின்று விலாவாரியாகச் சொற்பொழிவாற்றினார். மறுநாள் அவர் மனைவி என் வாசலுக்கு வந்துவிட்டார்.

"அது வெறும் இஞ்சியும் சர்க்கரையுந்தாம்மா" என்றேன்.

"சர்க்கரை தின்ன ஆளு எதுக்குய்யா வேட்டியை அவுத்துத் தலையில கட்டிக்கிட்டு வர்றாரு?"

அது எனக்கு இன்றுவரை தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் தங்கை கமலாவுக்குச் சிலமலையிலிருந்து நல்ல வரன் அமைந்தது. மாப்பிள்ளை பள்ளி ஆசிரியர். ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுக்கும் மனசு பொருந்தி, பாக்கு வெற்றிலை மாற்றவேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அப்பா கதர் கட்டுபவர். ஊரில் கள்ளுக்கு எதிராக மேடையேறிப் பேசுபவர். அவரிடமிருந்து ஆள் வந்தது: "பீர் காச்சுற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்."

அய்யா மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் தானே சிலமலைக்குப் போய்க் கெஞ்சி, நேரில் வந்து பார்க்க அவர்களைச் சம்மதிக்க வைத்தார். கமலா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நீ எனக்கு ஒரு ஒத்தாசையும் செய்ய வேணாம். அவுக வந்துட்டுப் போற வரைக்கும் வாயை மட்டும் தொறக்காம இரு."

நான் தலையாட்டினேன். மனதுக்குள் வேறு திட்டம் இருந்தது.

அவர்கள் வருவதாகச் சொன்ன நாள் இருமுறை தள்ளிப்போனது. அவர்களுக்கென்று தனியாக அடைத்து வைத்த பாட்டில்கள் பத்து நாள் மூடியே கிடந்தன. வர்கீஸின் எச்சரிக்கை எனக்கு ஞாபகத்தில் இல்லை.

ஒருவழியாக வந்து அமர்ந்தார்கள். ஜமுக்காளத்தின் நடுவில் கதர்ப் பெரியவர், பக்கத்தில் மாப்பிள்ளை. "நான் அதைக் கையால தொடமாட்டேன்" என்று பெரியவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நான் எழுந்தேன்.

"நீங்க தொட வேணாம் மாமா. உங்க கண்ணு முன்னால நானே ஏழு பாட்டில் குடிக்கிறேன். அப்புறம் நேரா நடந்து காட்டுறேன். நீங்களே சொல்லுங்க."

"டேய்" என்றார் அய்யா. அதற்குள் முதல் பாட்டிலைத் திறந்துவிட்டேன்.

மூன்று பாட்டில் வரை பெருமையாக இருந்தது. நாலாவதில் வயிறு கல்லானது. ஐந்தாவதில் நான் விட்ட ஏப்பத்துக்குத் தெருவில் நாய் குரைத்தது. ஏழாவதை முடித்தபோது கண் சிவந்து, வியர்த்து, விக்கல் பிடித்துக்கொண்டது. (போதை அல்ல. வாயு. பத்து நாள் சேர்ந்த வாயு.)

"மா... மா" என்றேன். "போ... தை... இல்... ல."

பெரியவர் முகம் இறுகியது. சரி, நடந்தே காட்டிவிடுவோம் என்று காலெடுத்து வைத்தேன். வயிற்றுக்குள் ஏதோ புரண்டு இடுப்பில் பிடித்துக்கொள்ள, நிமிர முடியவில்லை. விலாவைப் பிடித்தபடி இந்தப் பக்கம் இரண்டடி, அந்தப் பக்கம் இரண்டடி வைத்து, ஜமுக்காள மடிப்பில் தடுக்கி, மாப்பிள்ளையின் மடியில் முழுதாக விழுந்தேன். விழுந்த வேகத்தில் பாக்கி ஏப்பம் அவர் முகத்தில் வெளியேறியது.

அம்மா அடுக்களையில் அழத் தொடங்கியது கேட்டது. பெரியவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு எழுந்தார்.

அப்போது கமலா உள்ளேயிருந்து வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அப்படி ஒருத்தி விறுவிறுவென்று நடந்துவந்து நான் பார்த்ததில்லை. ஒரு பாட்டிலைத் திறந்து, நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்து, புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆகலை மாமா. பேச்சு குழறுதா, பாத்துக்கங்க. இது இஞ்சித் தண்ணிதான். எங்கண்ணன் பச்சைத் தண்ணி குடிச்சாலும் இப்பிடித்தான் இருப்பான்."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. என் தலை அவர் மடியில் கிடந்ததால் அந்தச் சிரிப்பின் குலுக்கலை நான்தான் முதலில் உணர்ந்தேன். பெரியவர் மறுபடி உட்கார்ந்தார்.

"பொண்ணு தெளிவா இருக்கு" என்றார். பிறகு என்னைக் காட்டி, "ஆனா இந்தச் சோலியை இதோட விட்டுறணும்."

விட்டேன். அந்த வாரமே போர்டு இறங்கியது. கமலாவின் கல்யாணத்துக்குக் கருப்பையா மொய்யோடு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கி நின்றார். தங்கையைப் பிரியும் என் துக்கத்துக்காக என்று நினைத்தேன். இல்லை, சரக்கு நின்றுபோன துக்கம்.

என் வாழ்நாளில் ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. ஆனால் சிலமலை வீட்டில் எனக்குக் கிடைப்பது எப்போதும் ஒரே ஒரு டம்ளர் காப்பிதான். "மச்சானுக்கு இன்னொண்ணு கொண்டா" என்று மாப்பிள்ளை, இப்போது ரிட்டயரான வாத்தியார், வேண்டுமென்றே குரல் கொடுப்பார். "ஒண்ணே போதும், அப்புறம் யாரு தூக்குறது" என்று கமலா அடுக்களையிலிருந்து பதில் சொல்வாள். பிள்ளைகள் சிரித்தார்கள். இப்போது பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

போன பொங்கலுக்குப் போயிருந்தேன். காப்பி டம்ளரைக் கையில் வாங்கினேன். வாத்தியாரின் மடியில் உட்கார்ந்திருந்த நாலு வயதுப் பேத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பாவாடையை ஒதுக்கிக்கொண்டு மெதுவாக இறங்கி, பத்தடி தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள்.