பாட்டுக்கு ஒட்டுப் போட்ட டெய்லர்

பாட்டை அளவெடுக்கத் தெரிந்த டெய்லர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் எங்கள் நெல்லித்தோப்பில் இருக்கிறார். பெயர் யாருக்கும் தெரியாது. மனைவியே வீட்டில் 'டெய்லர்' என்றுதான் கூப்பிடுகிறார்.

மனிதர் பாட்டுக் கேட்டபடியேதான் தைப்பார். மெஷின் பெடல் அந்தத் தாளத்துக்குத்தான் ஓடும். மெதுவான பாட்டு என்றால் உங்கள் சட்டை தீபாவளியைத் தாண்டிவிடும். குத்துப்பாட்டு என்றால் பத்தே நிமிடம். ஆனால் ஒரு கை முழங்கையோடு நின்றிருக்கும். "சரணம் சின்னது சார், நான் இன்னா பண்றது?" என்பார்.

இவரிடம் பேண்ட் தைக்க வந்து மாட்டிக்கொண்டவன் பெஹ்ராம். ஈரானில் பக்தியாரி மலைக்காரன். இங்கே கல்லூரியில் படிக்கிறான், தமிழும் பேசுவான். அவன் போனிலிருந்த ஊர்ப் பாட்டுகளை டெய்லர் ஒரு வாரம் பெடல் மிதித்துக் கேட்டார். ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் தீர்ப்பு வந்துவிட்டது.

"சார், அந்த ஊர்ல வரி எழுதறவன் துணிய கம்மியா வெட்டிடறான். மெட்டுக்கு ஒடம்பு பெருசு. வரி முடிஞ்சும் மெட்டு முடியல. அந்த எடத்துல 'ஹேய் ஹேய்'னு ஒட்டு குடுத்து இழுக்கறானுங்க. நாம தன்னானே போடறோம்ல, அதேதான்!"

பெஹ்ராம் வாயைப் பிளந்தான். "எங்க ஊர்லயே யாரும் இப்டி சொன்னதில்ல அண்ணே."

அந்தச் சமயத்தில் அவன் தங்கைக்குக் கல்யாணம் வந்தது. விசா சிக்கல், அவனால் போக முடியவில்லை. அப்பா இல்லாத வீடு. அண்ணன் பாடினால்தான் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்புவேன் என்று அந்தப் பெண் பிடிவாதம் பிடித்தாள். வீடியோ காலில் பாடுவது என்று முடிவாயிற்று. இடம்? டெய்லர் கடைதான். நானும் போய் உட்கார்ந்தேன்.

பெஹ்ராம் ஒரு வரி பாடினான். அங்கிருக்கும் கூட்டம் 'ஹேய் ஹேய்' போட வேண்டும். போட்டார்கள், ஆனால் நெட் இழுத்ததில் அது அடுத்த வரியின் நடுவில் வந்து விழுந்தது. பாட்டு நின்றது. மறுபடி தொடங்கினான், மறுபடியும் அதே கதி. மூன்றாம் முறை வரி முடிந்த இடத்தில் அவன் குரல் உடைந்துவிட்டது. திரையில் தங்கையின் முகம் வாடியது. எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

டெய்லர் பெடலை மிதித்தார். "தன்னானே தானே தன்னானே!"

தெருவே திரும்பிப் பார்க்கும் குரல். அந்த இடைவெளியில் அப்படியே பொருந்தியது.

"நீ பாடு தம்பி! ஒட்டு நான் போடறேன்!"

பெஹ்ராம் பாடினான். வரிக்கு வரி டெய்லர் தன்னானே போட்டார். அங்கே பெண்கள் கைக்குட்டையை வீசி ஆட ஆரம்பித்தார்கள். தங்கை சிரித்தபடி எழுந்தாள். வாசலில் நின்று அண்ணனிடம் ஏதோ கேட்டாள், பிறகு கிளம்பிப் போனாள்.

"இன்னா கேட்டுச்சு பொண்ணு?" என்றார் டெய்லர்.

"கூடப் பாடறது யாருன்னு கேட்டா. பெரியண்ணன்னு சொன்னேன்."

டெய்லர் மெஷின் பக்கம் திரும்பி ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். ஐந்து முறை முயன்றும் நுழையவில்லை. நான் வாங்கிப் பார்த்தேன். எனக்கும் நுழையவில்லை.