செப்புச் செம்மலின் சாம்பிள்

மனிதர்களில் சாம்பிள்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்து மரியாதையாக வணக்கம்கூடச் சொல்லியிருப்பீர்கள். தொழிற்சாலையில் ஐயாயிரம் பொருள் செய்வார். ஆனால் அவருடைய அறிவு, உழைப்பு, அக்கறை, பயம் எல்லாம் ஐயாயிரத்து ஒன்றாவது பொருளின் மேல்தான் இருக்கும். அதுதான் சோதனைக்குப் போகிற பொருள். மற்றவை வெறும் விற்பனைக்கு.

இந்த இனத்தைப் பதினான்கு வருடமாகக் கிட்டத்தில் இருந்து பார்த்து வருகிறேன். பார்ப்பதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். மின்சாரத்தில் ஓடுகிற எந்தப் பொருளும் சும்மா இருப்பதில்லை. விளக்கோ மிக்ஸியோ சார்ஜரோ, தன் வேலையைச் செய்துகொண்டே, காதுக்குக் கேட்காத ஓர் இரைச்சலையும் சுற்றிலும் வீசிக்கொண்டிருக்கும். அது பக்கத்தில் இருக்கும் ரேடியோவையோ மருத்துவக் கருவியையோ குழப்பிவிடக் கூடாது என்பதற்காக, இவ்வளவுதான் வீசலாம் என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். மின்காந்த இணக்கம் என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். அடுத்த வீட்டில் ஆள் இருக்கிறது, கொஞ்சம் அடக்கி வாசி என்பதுதான் விஷயம்.

அந்த எல்லையைத் தாண்டுகிறதா என்று பார்ப்பது எங்கள் சோதனைக்கூடம். ஜன்னலே இல்லாத ஓர் அறை. சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாகக் கறுப்புப் பஞ்சு. நடுவில் சுழலும் மேசை. அதற்கு மூன்று மீட்டர் தள்ளி ஓர் ஆண்டெனா. கனத்த கதவுக்கு வெளியே நான், என் எதிரே ஒரு திரை, திரையில் ஒரு சிவப்புக் கோடு. மேசைமேல் வைத்த பொருளின் இரைச்சல் பச்சைக் கோடாக எழும்பும். சிவப்புக்குக் கீழே நின்றால் பாஸ். மேலே போனால் ஃபெயில். இதில் வாதாட என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் செப்புச் செம்மலைப் பார்த்ததில்லை.

அந்தப் பட்டம் நாங்கள் கொடுத்தது. மேசை விளக்கு, கையடக்க மின்விசிறி, சார்ஜர் எல்லாம் செய்யும் ஒரு கம்பெனியின் முதலாளி அவர். தலைமை இன்ஜினியரும் அவரே. சாம்பிள்காரர் இனத்தில் அவரைப்போல் முழு லட்சணமும் பொருந்தியவர் இன்னொருவர் இல்லை. அவர் வருவது எப்போதும் கடைசி நாளில்தான். "நாளன்னைக்கு சரக்கு கடைக்குப் போகணும் சார்" என்றுகொண்டே உள்ளே வருவார். கையில் இருக்கும் அட்டைப்பெட்டியில், சோதனையில் தேறிய பொருள் என்பதற்கான முத்திரை ஏற்கெனவே அச்சாகியிருக்கும். பரீட்சைக்கு முன்னாலேயே மதிப்பெண் பட்டியலை ஃப்ரேம் போட்டு மாட்டுகிற தைரியம் உங்களுக்கு உண்டா? அவருக்கு உண்டு.

முதல் முறை பச்சைக் கோடு சிவப்பைத் தாண்டி எகிறும். அது வழக்கம். அவர் கலங்க மாட்டார். "உங்க ஆண்டெனாவைக் கடைசியா எப்ப செக் பண்ணீங்க?" என்பார். செக் பண்ணிய தேதியைக் காட்டுவேன். "அந்த வயர் கொஞ்சம் நீளமா இருக்கோ?" என்பார். அது அவர் கொண்டுவந்த வயர்தான். மேசையைச் சுற்றாமல் அளக்க முடியுமா, விளக்கைக் கொஞ்சம் படுக்க வைக்கலாமா, ஏசியை நிறுத்திப் பார்க்கலாமா, வெளியே லாரி போனதே அதுவாக இருக்குமோ என்று உலகத்தில் உள்ள எல்லாவற்றின்மேலும் சந்தேகப்பட்டு முடித்த பிறகு, நாற்காலியில் சாய்ந்து, "ஆபீஸ்ல நல்லாத்தான் சார் இருந்துது" என்று ஒரு பெருமூச்சு விடுவார். அவர் ஆபீசில் இதை அளக்கும் கருவியே கிடையாது.

பிறகுதான் பை திறக்கும். பழைய காலத்து டாக்டர் பை மாதிரி ஒன்று. அதிலிருந்து செப்புத் தகட்டு டேப், கத்தரிக்கோல், வயரில் மாட்டுகிற மூன்று கறுப்பு வளையங்கள். டேப்பைச் சுற்றினால் பொருளின் வயிற்றிலிருந்து கிளம்பும் இரைச்சல் அடங்கும். வளையத்தை மாட்டினால் வயர் வழியாகப் போவது அடங்கும். செம்மல் சட்டைக் கையை மடித்துக்கொண்டு விளக்கைப் பிரித்து, உள்ளே டேப் ஒட்டி, வெளியே டேப் ஒட்டி, மூன்று வளையத்தையும் வயரில் கோத்து, அடிபட்ட சிப்பாய்க்குக் கட்டுப் போட்டதுபோல ஆக்கிவிட்டு நிமிர்வார். "இப்பப் பாருங்க." பச்சைக் கோடு இறங்கும். இன்னொரு துண்டு டேப். இன்னும் இறங்கும். கடைசியில் சிவப்புக்கு அரை டெசிபல் கீழே வந்து நிற்கும். "யாரும் அசையாதீங்க!" என்று கத்துவார். ஆண்டெனா இருப்பது உள்ளே, நாங்கள் வெளியே. ஆனாலும் நாங்கள் அசைவதில்லை.

பாஸ்!

கைகுலுக்குவார். திரையை ஃபோனில் படம் பிடிப்பார். அப்புறம் செய்வதுதான் அவருக்கே உரிய காரியம். மேசைக்குப் போய், மூன்று வளையத்தையும் கழற்றி, டேப்பையும் கிழியாமல் பார்த்துப் பார்த்து உரித்து, பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொள்வார்.

"எதுக்கு சார் கழட்டுறீங்க?"

"அடுத்த மாடலுக்கு வேணுமே!"

அடுத்த மாடலும் இப்படித்தான் பாஸாகும். அதற்கடுத்ததும் இப்படித்தான். ஊரெல்லாம் ஓடுகிற ஆறு வகைப் பொருட்களுக்கு மூன்றே மூன்று வளையங்கள் மாறி மாறி உழைத்திருக்கின்றன.

இப்படிப்பட்டவர் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், முன்பதிவு இல்லாமல், ஒரு கையில் அவருடைய மேசை விளக்கும் மறு கையில் ஒரு சின்ன மணியும் அதன் வெள்ளைப் பொத்தானும், தோளில் அந்தப் பையுமாக வந்து நின்றார். சவரம் செய்திருக்கவில்லை.

"இந்த விளக்கோட ரிப்போர்ட்ல கையெழுத்துப் போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"தப்பான ரிப்போர்ட்! இது எப்படி பாஸாச்சு?"

என் சர்வீசில் எத்தனையோ பேர் ஏன் ஃபெயில் ஆனது என்று சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஏன் பாஸ் ஆனது என்று சண்டைக்கு வந்த முதல் மனிதர் இவர்தான். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"அப்பா விழுந்துட்டார் சார்" என்றார்.

அவர் அப்பா தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து, பேச்சு போய்விட்டது. இடது பக்கம் வராது. படுக்கையில் வலது கைக்குப் பக்கத்தில் இந்தப் பொத்தான். அமுக்கினால் கம்பியே இல்லாமல் சமையலறையில் மணி அடிக்கும், யாராவது ஓடிவருவார்கள். விழுந்த அன்றைக்குச் சாயங்காலம் மணி அடிக்கவே இல்லை. பெரியவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானாகவே எழுந்திருக்கிறார். குளியலறை வாசலில் விழுந்து, நெற்றியில் நாலு தையல், மணிக்கட்டில் எலும்பு முறிவு.

"வீட்ல அவ சொல்றா சார், 'மாமா கையில அந்தப் பொத்தானை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே கிடந்தார்ங்க, கட்டைவிரல் அமுக்கினபடியே இருந்துது'ன்னு."



பேட்டரி மாற்றினாராம். புது மணி வாங்கினாராம். கடைசியில்தான் கண்டுபிடித்திருக்கிறார்: கட்டில் பக்கத்து விளக்கை அணைத்தால் மணி அடிக்கிறது, போட்டால் ஊமையாகிவிடுகிறது. விளக்கு எந்தக் கம்பெனி என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

"வேற விளக்கு வெச்சிருக்கலாமே சார்?"

"வெச்சேன். அப்பா மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிறார். வீட்டுக்கு யார் வந்தாலும் நம்ம விளக்கைத்தான் கையால காட்டுவார் சார். எம் பையன் பண்ணதுன்னு சொல்ல வாய் வரல, கை வருது."

சரி, கடைச்சரக்கில்தான் ஏதோ கோளாறு என்று, ஆபீஸ் வரவேற்பறையில் சான்றிதழுக்குப் பக்கத்தில் கண்ணாடிப்பெட்டிக்குள் கொலு வைத்திருந்த சாம்பிளையே எடுத்துப் போயிருக்கிறார். இங்கே பாஸான அதே விளக்கு. அப்பாவின் தலைமாட்டில் வைத்து, ஸ்விட்சைப் போட்டு, பொத்தானை அமுக்கினால், சமையலறையில் மயான அமைதி. "நீங்க பண்றதுல ஒண்ணுகூடவா ஒழுங்கா இல்ல?" என்று மனைவி கேட்டாளாம். அந்தக் கேள்வியோடுதான் நேரே என்னிடம் வந்திருக்கிறார்.

விளக்கை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பச்சைக் கோடு சிவப்பைத் தாண்டி, திரையின் உச்சிக்குப் போய் நின்றது.

"பாத்தீங்களா! ஃபெயில்!" என்று மேசையைத் தட்டினார்.

ஒவ்வொரு சோதனையின்போதும் பொருள் எப்படி இருந்தது என்று படம் எடுத்து வைப்பது எங்கள் வழக்கம். அந்தப் படத்தைத் திரையில் திறந்தேன். உடம்பெல்லாம் செப்பு மினுங்க, வயரில் மூன்று கறுப்பு வளையத்தோடு விளக்கு நின்றது. உள்ளே மேசைமேல் இருந்ததோ பிறந்தமேனியாக இருந்தது.

செம்மல் படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை.

பையைத் திறந்து வேலையை ஆரம்பித்தார். அவர் டேப் ஒட்டி நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஒட்டியதுபோல் ஒட்டியதில்லை. ஓரம் தூக்காமல் நகத்தால் நீவி நீவி ஒட்டினார். வளையம் நழுவாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கமும் கட்டுப் போட்டார். பச்சைக் கோடு இறங்கியது. அரை டெசிபலில் அவர் நிற்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இறக்கிடலாம் சார்" என்றார், தானாகவே. ஆறு டெசிபல் கீழே போன பிறகுதான் திருப்தி. கதவைத் திறந்து வைத்து, விளக்கைப் போட்டு, பக்கத்திலேயே பொத்தானை அமுக்கினோம். வெளியே என் மேசையில் வைத்திருந்த அவருடைய மணி கணீரென்று அடித்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் அடித்தது. ஏழெட்டுத் தடவை அமுக்கியிருப்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்மேல் எனக்கு அந்த நிமிஷம் கோபமே வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

அந்த நிமிஷம் போனதும் கேட்டேன்: "சார், இந்த மாடல் எத்தனை வித்திருக்கு?"

"நாலாயிரத்துச் சொச்சம்."

"அதுலெல்லாம் வளையம் இல்லையே?"

விளக்கைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. உண்மையிலேயே யோசித்தார். நான் சாட்சி. பிறகு சொன்னார்:

"எல்லா வீட்லயும் மணி வெச்சிருப்பாங்களா சார்?"

சொல்லிவிட்டு, விளக்கை மார்போடு அணைத்துக்கொண்டு போய்க் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, அதற்கு சீட் பெல்ட்டும் மாட்டினார். பெரியவர் இப்போது சௌக்கியம். மணி அடிக்கிறது. அந்தக் கம்பெனி இதுவரை செய்ததில் சட்டத்துக்கு உட்பட்ட ஒரே ஒரு விளக்கு அவர் தலைமாட்டில் எரிகிறது.

போன வாரம் செம்மல் மறுபடி வந்தார், புது மாடல் சார்ஜரோடு. நாளன்றைக்குக் கடைக்குப் போக வேண்டுமாம். பெட்டியில் முத்திரை அச்சாகியிருந்தது. பையைத் திறந்தார். பழைய வளையங்கள் அப்பா அறையில் இருக்கின்றனவே, என்ன செய்யப் போகிறார் என்று எட்டிப் பார்த்தேன். புதிதாக வாங்கியிருந்தார். எண்ணிப் பார்த்தேன், மூன்று.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து கையெழுத்துப் போட்டேன். எங்கள் ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரிகிற எழுத்தில் ஒரு வரி உண்டு: 'இம்முடிவுகள் சோதனைக்கு அளிக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.' அவருக்குச் செப்பு டேப் இருப்பதுபோல எனக்கு அந்த வரி. அதைச் சுற்றிக்கொண்டால் எனக்கும் நன்றாகத் தூக்கம் வருகிறது.

சிரிக்கிறீர்கள். நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், நாம் விளக்கா செய்கிறோம் என்று நினைக்கிறீர்கள். நியாயம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை உங்களுக்குச் சர்க்கரைப் பரிசோதனை என்று கேள்விப்பட்டேன். செவ்வாயிலிருந்து டீயில் சர்க்கரை வேண்டாம் என்கிறீர்களாம். சோறு பாதியாகக் குறைந்துவிட்டதாம். பூங்காவில் விடியற்காலையில் வேர்க்க வேர்க்க நடக்கிறீர்களாம். நல்ல காரியம். ரிப்போர்ட் அருமையாக வரும். டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்து மாத்திரையையும் பாதியாகக் குறைப்பார். சனிக்கிழமை காலையிலிருந்து அந்தப் பாதி மாத்திரையோடு காலம் தள்ளப்போவது அவருக்குக் காட்டிய சாம்பிளா, நீங்களா?