மாட்டைக் கேட்காமல் லைன் கிடையாது

எழுபதுகளில் சங்கரன்கோவிலிலிருந்து டிரங்க் கால் போட்ட எவரும், தம் வீட்டு மாட்டின் உடல்நிலையைச் சொல்லாமல் வெளியூருக்குப் பேசியது கிடையாது. மாடு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மாட்டைப் பற்றியாவது சொல்லியாக வேண்டும். காரணம், ஹலோ.

ஹலோவும் நானும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர்கள். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால்கூட அவன் "ஹலோ" என்பான். அதனால் அந்தப் பெயர். காதில் ஹெட்போன் இருந்தால் கலெக்டரிடமும் வாயாடுவான். ஆள் எதிரே வந்து நின்றால் போச்சு, பேச்சே வராது. என்னிடமே முக்கியமான விஷயம் என்றால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்வான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பனவடலிசத்திரத்து விவசாயி ஒருவர் மாட்டு டாக்டருக்கு லைன் கேட்டார். இவன் முட்டி மோதி லைனைப் பிடிப்பதற்குள், "இனி வேண்டாம் தம்பி, மாடு செத்துப்போச்சு" என்று போனை வைத்துவிட்டார். அன்று முழுக்க ஹலோ சாப்பிடவில்லை. மறுநாள் சுவரைப் பார்த்து என்னிடம் சொன்னான்:

"நான் மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போறேம்லே."

பியூசியில் அவன் வாங்கியிருந்த மார்க்கைக் கேட்டால் மாடே சிரிக்கும். வேலை பார்த்துக்கொண்டே மறுபடி எழுதினான். மற்ற பாடங்கள் கொஞ்சம் ஏறின. கெமிஸ்ட்ரி மட்டும் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. புத்தகத்தை ஸ்விட்ச்போர்டில் சாத்திவைத்துப் படிப்பான். படித்ததை யார்மேல் சோதிப்பது? லைனில் காத்திருந்தவர்கள்தான் வசமாகச் சிக்கினார்கள்.

கடையநல்லூர் பாய் ஒருவர் எங்கள் ஊரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார்.

"பாய், பம்பாய் இப்ப வந்துரும். அதுக்குள்ள, உங்க ஆடு தும்முதுன்னீங்கள்லா, மூக்குல வடியுதது தண்ணியாவா, கெட்டியாவா?"

"ஆடு கெடக்கட்டும் வே, பம்பாயக் குடும்!"

"போய்ப் பாத்துட்டு வாங்க. லைனைப் பிடிச்சு வச்சிருக்கேன்."

பாய் கடையைப் போட்டது போட்டபடி விட்டு வீட்டுக்கு ஓடுவார். "யா அல்லா, இந்தப் பயலுக்கு அந்தக் காலேஜக் குடு, எனக்குப் பம்பாயக் குடு" என்று அவர் துஆ கேட்டதை நானே காதால் கேட்டேன்.

யாராலும் தீர்க்க முடியாத சந்தேகங்களுக்கு ஹலோ ஒரு வழி கண்டுபிடித்தான். மெட்ராஸில் மாட்டு டாக்டர் படிப்புக்குப் பாடம் நடத்தும் பேராசிரியர் ஒருவரின் வீட்டு நம்பர் எப்படியோ அவன் கைக்கு வந்தது. திருநெல்வேலி, மதுரை ஆபரேட்டர்களிடம் "மாப்ள, லைன் சும்மாதான கெடக்கு" என்று கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் சோற்றில் கை வைக்கிற நேரம் பார்த்து மணியடிப்பான்.

"சார், மாடு அசை போடுதத நிறுத்திட்டா மொதல்ல எதப் பாக்கணும்?"

அவர் திட்டுவார். திட்டிவிட்டுப் பதிலும் சொல்வார். புரியவில்லை என்றால் அடுத்த ஞாயிறும் அதே கேள்வி போகும்.

வயது வரம்பு முடிகிற வருஷம் அவனுக்கு மெட்ராஸில் இண்டர்வியூ வந்தது. இது போனால் ஆயுசுக்கும் ஹெட்போன்தான். அவன் அப்பாவோ, "கவர்மெண்ட் வேலைய விட்டுட்டு மாட்டு வாலப் புடிக்கப் போறியாலே?" என்று பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்.

இண்டர்வியூவில் நடந்ததை அவன் திரும்பி வந்து, வழக்கம்போல் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான். எதிரே மூன்று பேர். ஒருவர் மார்க்கைப் பார்த்துவிட்டு, "இதை வச்சுக்கிட்டு எந்த தைரியத்துல வந்தே?" என்றாராம். இவனுக்கு வாய் திறக்கவில்லை. அடுத்த கேள்விக்கும் அப்படியே. வெளியே போகச் சொல்லப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எழுந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, காதில் கையை வைத்துக்கொண்டான்.

"ஹலோ சார், இப்பக் கேளுங்க."

பின்னால் ஒரு நாற்காலி தடாலென்று நகர்ந்தது.

"அடப்பாவி, ஞாயித்துக்கிழமை! நீதானா அது?"

அதன்பிறகு கேட்டவற்றில் பாதிக்குத் தப்பான பதில்தான். தப்பு என்று சொன்னால் விடாமல், "ஏன் சார் தப்பு?" என்று மூவரையும் துளைத்திருக்கிறான்.

"மார்க் ரொம்பக் கம்மி சார்" என்றாராம் பக்கத்திலிருந்தவர்.

"தெரியுது. இவனை வெளியே அனுப்பினா ஆயுசுக்கும் போன் பண்ணுவான். உள்ளே போட்டுட்டா கிளாஸ்ல கேட்டுக்குவான். நானும் ஞாயித்துக்கிழமை சூடாச் சாப்பிடுவேன். விடாம கேக்கிறவன், படிச்சுருவான்யா."

தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் ஹலோவுடையது. பேச்சை நிறுத்தியிருந்த அப்பா, ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியைத் தாமே தூக்கி ரயிலில் வைத்தார்.

அவன் போனபிறகு பாய்க்குப் பம்பாய் சட்டென்று கிடைத்தது. புகார்கள் நின்றன. ஹலோவின் இடத்துக்கு வந்த புதிய ஆபரேட்டர் தங்கமான வேலைக்காரர். லைனைக் கொடுப்பார், ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார்.

அந்த மனிதரை எனக்குக் கடைசிவரை பிடிக்கவே இல்லை.