தளபதி காட்டிய பார்க்கிங்

ஃபிரிஸ்கோவில் செந்தில் அண்ணனின் புது வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு வந்திருந்தவர்கள்: பக்கத்து ஊரான காப்பெல்லின் நண்பர்கள் எல்லோரும், ஐயர், நான், ஒரு நாட்டின் முப்படைத் தளபதி. வராதவர், என் அப்பா. அவர் அப்போது ஊரிலிருந்து என்னைப் பார்க்க வருகிற விமானத்தில் இருந்தார்; மதியம் நான்தான் ஏர்போர்ட்டுக்குப் போய் அழைத்து வர வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பாவுக்கு எந்தப் போர்டையும் படிக்க வராது. நன்றாக நடக்கிற மனிதருக்கு வீல்சேர் சொல்லியிருந்தேன். (பாஷை தெரியாத பெற்றோருக்கு நாமெல்லாம் செய்கிற ஏற்பாடுதானே!) "தள்ளிட்டு வர்றவர் விட்ட இடத்துலயே நில்லுங்க, நான் வந்துடுவேன்" என்று சத்தியம் செய்யாத குறை.

நம் விசேஷங்களில் யாராவது சும்மா நின்றால் நமக்குப் பொறுக்காது. வாசலில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். "அங்கிள், சும்மாதானே நிக்கிறீங்க? வர்ற காருக்கெல்லாம் இடம் காட்டுங்களேன்" என்றேன். உடனே தெருவில் இறங்கிவிட்டார்.

செந்தில் அண்ணன் ஓடி வந்தார். "டேய், யாருக்குடா வேலை வைக்கிற? பக்கத்து வீட்டுக்காரரோட மாமனார்டா. அவங்க நாட்டு ஆர்மிக்கே ஹெட்!"

ஏதோ ஒரு குட்டித் தீவு. (பெயர் வேண்டாம். அவ்வளவு சின்ன நாட்டில், பெயர் சொன்னால் ஆளைச் சொன்ன மாதிரி.) பாட்டன் காலத்தில் குடியேறிய குடும்பம், தமிழ் மிச்சமிருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ ஆர்வம் தாங்காமல் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

"சார், தளபதின்னா காலையில எழுந்ததும் என்ன பண்ணுவீங்க?"

"வானத்தைப் பார்ப்பேன், புயல் இருக்கான்னு. அப்புறம் காணாமப் போன மீன் படகைத் தேடணும். அப்புறம் ஜனாதிபதி போன் பண்ணுவார், விருந்தாளி வர்றாங்க, பேண்டு வேணும்னு. எங்க பேண்டுல ட்ரம்பெட் வாசிக்கிறவன்தான் எனக்கு டிரைவர்."

"போர் வந்தா?"

"எதிரி கப்பல் நிக்க எங்க துறைமுகத்துல இடம் பத்தாது தம்பி. நாங்கதான் போய் இடம் காட்டணும்."

அவருக்கு ஒரு முறை இருந்தது. வருகிற ஒவ்வொருவரிடமும் எப்போது கிளம்புவீர்கள் என்று கேட்டார். சீக்கிரம் போகிறவரின் காரை வரிசையின் வெளி முனையில் நிறுத்தினார். எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "சாப்பிட்ட உடனே கிளம்பிடுவோம்." மனிதர் அதை நம்பிவிட்டார்! விடியற்காலையில் மாவிலை கட்ட வந்த என் கார் எல்லாவற்றுக்கும் உள்ளே. "கவலைப்படாதே, உன் பின்னாடி இருக்கிறவங்க எல்லாம் முன்னாடியே போறாங்க" என்றார். அந்தப் பதிலுக்கு என்ன அர்த்தம் என்று தமிழனான நானாவது சொல்லியிருக்கலாம். நான்தான் அவருடைய ரோந்துப் படகுகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேனே!

நான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் உள்ளே பாயசம் இரண்டாவது சுற்று. யாரும் அசையவில்லை. என் காரை அடைத்து நின்ற வேனின் சொந்தக்காரர், சாவியோடு, வேறொருவர் காரில் அனுமார் கோயிலுக்குப் போயிருந்தார். அப்பாவின் போனுக்கோ இங்கே சிக்னல் கிடையாது.

தளபதி அணிவகுத்து நின்ற கார்களைப் பார்த்தார். "எல்லாரும் ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்றாங்களே, எங்க பயிற்சி எடுத்தாங்க?"

டாக்சியைக் கூப்பிட்டேன். அவரும் ஏறிக்கொண்டார். "எங்க ஊர்ல படகு நின்னுபோனா நானேதான் போவேன்."

ஏர்போர்ட்டில், விட்ட இடத்திலேயே அப்பா நின்றிருந்தார். "ஒண்ணுக்குக்கூடப் போகலடா" என்றார். தளபதி விறைப்பாக ஒரு சல்யூட் அடித்து, இரண்டு பெட்டிகளையும் தூக்கினார்.

"நல்ல சுறுசுறுப்பான ஆளு" என்ற அப்பா, நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு நோட்டை எடுத்து அவர் கையில் திணித்துவிட்டார்.

மறுநாள் அசடு வழியப் போய் அதைத் திருப்பிக் கேட்டேன். தளபதி தரவில்லை. "எங்க படைக்கு வந்த வெளிநாட்டு உதவி. திருப்பித் தர எனக்கு அதிகாரம் இல்லை."

இன்றைக்கும் வீட்டில் யாராவது அப்பாவைக் கஞ்சன் என்றால், "ஒரு நாட்டு ராணுவத்துக்கே குடுத்தவன்டா நான்" என்கிறார். ஆக மொத்தச் செலவு: டாக்சிக்கு நூற்று நாற்பது டாலர். ராணுவ உதவி, ரூபாய் நூறு.