கிளம்பிப் போன பை

"பை இல்லைன்னா இன்னாம்மா அர்த்தம்?" என்று ஜீவா கேட்டபோது வியாழக்கிழமை காலை மணி ஏழு முப்பத்திரண்டு. எமகண்டம் முடிந்து இரண்டே நிமிடம் ஆகியிருந்தது. இடுப்பில் லுங்கி, மேலே பனியன், கன்னத்தில் பாதி சவரம். அந்தக் கோலத்தில் பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை நீங்க குடுத்தப்போ இந்த அலமாரிலதாண்ணே வெச்சேன்" என்று ஷஹீன் பானு துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். "விடிகாலைல எங்க தம்பி தன்சீல் வேன்ல கான்பூர் கிளம்பினான். கான்பூர் சாமான்லாம் இதே அலமாரிலதான் இருந்துச்சு. மொத்தமா ஏத்திட்டான். உங்க பையும் சேந்து போய்டுச்சு போல."

ஆம்பூரில் ஒருவர் கான்பூருக்குக் கிளம்புகிறார் என்று தெரிந்தால் போதும், தெருவே பார்சலோடு வந்து நிற்கும். தோல் சாம்பிள், சோல் சாம்பிள், அங்கே வேலை பார்க்கும் மச்சானுக்கு ஊறுகாய், மச்சான் பெண்டாட்டிக்கு மக்கன் பேடா. அந்தக் குவியலில் ஒரு பை ஜாஸ்தியாக ஏறினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் இந்தப் பை அப்படிப்பட்ட பை அல்ல. இது ஜீவாவின் பரஸ்தானப் பை.

ஜீவா ஷூ கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகத் தரம் பார்க்கிறவர். ஒரு தையல் தப்பியிருந்தால் மொத்த லாட்டையும் திருப்பி அனுப்பிவிடுவார். அதே கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கும் மனைவி அமிர்தவள்ளி தைத்த ஜோடியைக்கூடத் திருப்பி அனுப்பிவிட்டு, அன்று இரவு வெறும் ரசத்தோடு படுத்தவர். நாள், நேரம் விஷயத்திலும் அவர் அப்படித்தான். சின்னக் குறை தெரிந்தால் அந்த நாளையே ரிஜெக்ட் செய்துவிடுவார்.

இந்த முறை ரிஜெக்ட் செய்ய நாளே பாக்கியில்லை. மகள் எழில் ஆறு வருடம் கான்பூரில் தங்கித் தோல் ரசாயனத்தில் டாக்டர் பட்டம் முடித்திருந்தாள். வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பட்டமளிப்பு விழா. அடுத்த மாதம் ராணிப்பேட்டையில் வேலைக்குச் சேரவேண்டும். "அப்பா, நீங்களும் அம்மாவும் நம்ம கார்லயே வந்துடுங்க. என் புஸ்தகம், சாமான் எல்லாத்தையும் போட்டுக்கிட்டு ஒண்ணா ஊருக்கு வந்துடலாம்" என்று அவள் கேட்ட அன்றே ஜீவா கண் கலங்கிப்போய், ஒரு பழைய காரை வாங்கிவிட்டார்.

வாங்கினாரே தவிர, மூன்று மாதத்தில் அதை விரிஞ்சிபுரம் கோயிலுக்கு மேல் ஓட்டியதில்லை. அதுவும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில். பின்னால் ஹாரன் அடித்தவர்களுக்கெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டு வழிவிட்டபடி போனார். அவருக்குப் பயம். அதை வெளியே சொல்ல வெட்கம். அதனால் பஞ்சாங்கத்தைப் பிடித்துக்கொண்டார். ஞாயிறன்று கிளம்ப இருந்தபோது பல்லி கத்தியது. திங்களன்று டயரில் காற்று கம்மி. செவ்வாயும் புதனும் வடக்கே சூலம், கான்பூரோ நேர் வடக்கு.

"சூலத்துக்குப் பரிகாரம் இருக்குது" என்று அவரே வழியும் கண்டுபிடித்திருந்தார். நல்ல நேரத்தில் பயணப் பையை அடுத்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பரஸ்தானம். அப்போதே பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ஆள் வசதிப்படி கிளம்பி, பையை எடுத்துக்கொண்டு போகலாம். திங்கள் மாலை அப்படித்தான் ஷஹீன் பானு வீட்டில் பையை வைத்தார். அதில் பஞ்சாங்கம், எந்த ஊரில் டீ குடிப்பது என்பதுவரை எழுதிய எண்பது பக்க நோட்டு, எல்லாவற்றுக்கும் மேலாக விழாவுக்கு உள்ளே போக இரண்டு பாஸ். தபாலில் வந்த அசல் பாஸ். அது இல்லாமல் கதவுக்குள் விடமாட்டார்கள் என்று எழில் நாலு தடவை சொல்லியிருந்தாள்.

ஷஹீன் பானு போனில் தம்பியோடு உருதுவில் படபடவென்று பேசிவிட்டு நிமிர்ந்தாள். "பள்ளிகொண்டா டோல்கேட்டாண்ட நிக்கிறானாம். அரை மணி நிப்பானாம். அதுக்கப்புறம் வழியெல்லாம் சரக்கு எறக்கிட்டு அடுத்த செவ்வாய்தான் கான்பூர் சேருவானாம். சீக்கிரம் போங்கண்ணே!"

"நான் போய் வாங்கியாறேன்" என்று ஜீவா ஓடினார். காரில் அமிர்தவள்ளி ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். புதுப்புடவை, தலை நிறைய பூ, மடியில் இட்லி டப்பா.

"நீ எதுக்கு? பையை வாங்கிட்டு வந்து, குளிச்சு, நேரம் பாத்து..."

"தனியா போனா டோல்கேட்ல யாரு இறங்கி வாங்கறது? எடுங்க வண்டிய."

வீட்டைப் பூட்டிச் சாவியை ஷஹீன் பானுவிடம் எப்போது கொடுத்தாள் என்று கேட்கவும் அவருக்கு நேரமில்லை. அவர் போன் வீட்டுக்குள் சார்ஜில் தூங்கிக்கொண்டிருந்தது.

பள்ளிகொண்டாவில் வேனைக் காணோம். அமிர்தவள்ளியின் போன் அடித்தது. "ஷஹீன்தான். பின்னாடி லாரிக்காரன் சத்தம் போட்டானாம், நகந்துட்டானாம். காட்பாடில பாக்கலாம்ங்கறான்."

"காட்பாடியா? அங்க எனக்கு ஆள் இருக்குது!" ஜீவாவுக்கு மூளை வேலை செய்தது. பழைய தோஸ்த் சாமுவேல், சித்தூர் ரோட்டில் மெடிக்கல் வைத்திருக்கிறவன். மனைவியின் போனை வாங்கி, "சாமு, வெள்ளை வேன் ஒண்ணு வரும். எப்படியாவது நிறுத்திவெய். உள்ள என் பை இருக்குது" என்று உத்தரவு போட்டார்.

சாமுவேல் சொன்ன சொல் தட்டாதவன். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது நடுரோட்டில் கைகளை விரித்து நின்று ஒரு வெள்ளை வேனை மறித்திருந்தான். உள்ளே பட்டுப்புடவையும் வரிசைத் தட்டுமாகப் பதினாறு பேர். சித்தூருக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போகிற கூட்டம்.

"வெள்ளை வேன்னியே, இதான் முதல்ல வந்துச்சு" என்றான் சாமுவேல் பெருமையாக.

முன் சீட்டிலிருந்து ஒரு தடித்த அம்மாள் இறங்கினாள். ஜீவாவை மேலிருந்து கீழ்வரை, பாதி சவரத்தில் ஒரு நொடி நின்று, பார்த்தாள். "ஏன்யா, நல்ல காரியத்துக்குப் போறப்ப லுங்கியோட வந்து குறுக்க நிக்கிறியே, உனக்குச் சகுனம்னா இன்னான்னு தெரியுமா?"

பல்லிக்குப் பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தள்ளிவைத்தவரைப் பார்த்து உலகத்தில் கேட்கக்கூடாத கேள்வி அது. ஜீவாவின் முகம் செத்துப்போனது.

"மன்னிச்சுக்கோம்மா. இதுக்கு ஏதாச்சும் பரிகாரம்..."

"இருக்குது. மறிச்ச வண்டியே முன்னால வழிகாட்டிக்கிட்டுப் போவணும். மண்டப வாசல் வரைக்கும். ஒரு இடத்துல நிக்கக்கூடாது, தயங்கக்கூடாது."

நியாயமாகத்தான் பட்டது ஜீவாவுக்கு. பரிகாரம் என்று வந்தபின் அவரால் மறுத்துப் பேச முடியாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார். பின்னால் அந்த அம்மாள் விடாமல் ஹாரன் அடிக்க வைத்தாள். முப்பது ஐம்பதாயிற்று, ஐம்பது எழுபதாயிற்று. ஆந்திரா எல்லை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. சித்தூர் மண்டப வாசலில் நின்றபோது அவர் பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த அம்மாளோ சமாதானமாகி, ஆளுக்கு ஒரு தட்டு கேசரி கொடுத்து அனுப்பினாள்.

"போதும் அமிர்தா. திரும்பிடலாம்" என்றார். "தன்சீலு கான்பூர் போய் எழில் கையில பையைக் குடுத்துடட்டும். நம்மளால ஆவாது. பட்டம் வாங்கறத அது போட்டோ எடுத்து அனுப்பும், பாத்துக்கலாம்."

அமிர்தவள்ளி கேசரித் தட்டைக் கீழே வைத்தாள். "பை கிளம்பிட்டா பயணம் தொடங்கியாச்சுன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"தொடங்கின பயணத்துல பாதியில வூட்டுக்குத் திரும்பலாமா?"

திரும்பக்கூடாது. சாஸ்திரம் அப்படித்தான் சொல்கிறது, அவரே தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார்.

"தன்சீலு கடப்பாவுக்கு முன்னாடி ஒரு டீக்கடைல ரெண்டரை மணி வரைக்கும் நிப்பானாம். போன் வந்துச்சு. வாங்க" என்று அவளே காரின் பின்பக்கம் போனாள். டிக்கியை ஒரு சாண் மட்டும் திறந்து, உள்ளே கைவிட்டுப் பேண்ட்டும் சட்டையும் எடுத்துக் கொடுத்தாள். "நீங்க உக்காருங்க, உங்களுக்கு ஒண்ணும் எடுக்கத் தெரியாது."

பேண்ட் போட்டதும் ஜீவாவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் ராயசோட்டி தாண்டியபோது மணி ஒன்றரை. வியாழக்கிழமை ராகு காலம்.

"ராகு காலத்துல ஒரு பொருளைக் கை நீட்டி வாங்கக்கூடாது" என்று ஒரு வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டார். அமிர்தவள்ளி சொல்லிப் பார்த்தாள், முறைத்துப் பார்த்தாள், கடைசியில் இட்லியை எடுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். மூன்று மணி அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது. அந்த டீக்கடைக்குள் அவள் மட்டும் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள்.

"அரை மணி பாத்துட்டுப் போய்ட்டானாம்."

ஜீவா ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வேறு யாரையும் திட்ட வழியில்லை. லாரிக்காரன் இல்லை, சாமுவேல் இல்லை, நிச்சயதார்த்தக்காரி இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தது அவர். வெறும் ஒன்றரை மணி நேரப் பயத்துக்காக மகளின் விழாவைத் தொலைத்துவிட்டோமே என்று நினைத்தபோது அவருக்கு அவர்மேலேயே ஆத்திரமாக வந்தது.

நிமிர்ந்து சாவியைத் திருப்பினார். "பெல்ட்டப் போடு."

அதன் பிறகு ஓட்டியது அமிர்தவள்ளிக்குத் தெரிந்த ஜீவா அல்ல. முன்னால் போன மூன்று லாரியை ஒரே மூச்சில் தாண்டினார். வழி தெரியாத இடத்தில் கண்ணாடியை இறக்கி, தெலுங்கில் பாதி உருதுவில் பாதியாக விசாரித்தார். நோட்டில் எழுதாத கடையில் டீ குடித்தார். ஒரு கிராமத்தருகே கறுப்புப் பூனை ஒன்று வலமிருந்து இடமாகப் போனது. அமிர்தவள்ளி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஜீவா பிரேக் போட்டு, அது போகும்வரை பொறுத்து, "பாவம், அதுக்கும் ஏதோ அவசரம்" என்று மேலே போனார். அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"அழறியா? அழாத. பையைப் பிடிச்சுடலாம்."

அல்லகட்டா தாண்டி ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தியபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. மீட்டரைப் பார்த்தார். காலையிலிருந்து முந்நூற்று எழுபத்தெட்டு கிலோமீட்டர். தப்பாகக் காட்டுகிறதோ என்று தட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. அவர் ஓட்டியதுதான்.

"அமிர்தா, ஒண்ணு சொல்றேன் கேளு. பை கெடைச்சாலும் சரி, கெடைக்கலைன்னாலும் சரி, நாம கான்பூர் போறோம். உள்ள விடலைன்னா வாசல்ல நிக்கலாம். கறுப்பு கோட்டு போட்டுக்கிட்டு எழில் வெளிய வர்றப்போ அப்பன் அங்க நிக்கணும். பாஸும் வேணாம், பஞ்சாங்கமும் வேணாம். பொண்ணப் பாத்தா போதும்."

அமிர்தவள்ளி அவரையே பார்த்தாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அப்படிப் பார்த்ததாக அவருக்கு நினைவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இருங்க, முகம் கழுவிட்டு வந்து சொல்றேன்" என்று போனைச் சீட்டிலேயே போட்டுவிட்டுக் குழாய்ப் பக்கம் ஓடினாள்.

போன் அடித்தது. ஷஹீன் பானு. ஜீவா எடுத்து, தன்சீல் எங்கே இருந்தாலும் பரவாயில்லை, அவன் பாட்டுக்குப் போகட்டும் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், அந்தப் பக்கத்திலிருந்து குரல் முந்திக்கொண்டது:

"அமிர்தாக்கா, அண்ணன் எதுவரைக்கும் ஓட்டிட்டாரு? பை டிக்கிலதான் இருக்குதுன்னு இன்னும் சொல்லலியா நீங்க?"